ரிம் ஆஃப்செட்டுக்குத் தமிழ்: 'உள்வாங்களவு'

வணக்கம் நண்பர்களே,

காட்டுப்பாதை வண்டிக்குப் பெரிய டயர் மாட்டுவது பற்றி எழுதச் சொற்கள் வேண்டும் என்று தொடங்கிய இழை, டயர், ரிம், லிஃப்ட் (சஸ்பென்ஷனை உயர்த்துவது) எல்லாவற்றையும் தாண்டி ஆஃப்செட்டில் வந்து நிற்கிறது. நிற்க வேண்டிய இடம்தான். டயரின் உயரத்தை எல்லோரும் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். அது வண்டிக்குள் எந்த இடத்தில் போய் உட்காரும் என்பதை முடிவு செய்கிற அளவு ஆஃப்செட். அதைச் சரியாகப் புரியவைக்காத கலைச்சொல்லால் வாசகருக்குக் கைக்காசு நட்டம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருள். ரிம்மை நெடுக்காகப் பாதியாக வெட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அகலத்துக்கு நட்டநடுவே ஒரு கோடு. ஹப்போடு, அதாவது வண்டியில் சக்கரத்தைத் தாங்கும் குடத்தோடு, ஒட்டி நட்டு போட்டு இறுக்கப்படும் தட்டையான பரப்பு இன்னொரு கோடு. இதைப் 'பொருத்துமுகம்' என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் ஆஃப்செட், மில்லிமீட்டரில். பொருத்துமுகம் தெருப்பக்கமாக இருந்தால் கூட்டல் குறி. வண்டியின் உட்பக்கமாக இருந்தால் கழித்தல் குறி. இரண்டு கோடும் ஒன்றானால் சுழியம்.

இனி முன்மடல்களுக்கு வருகிறேன்.

> 'விலக்கம்' என்று வைத்துவிடலாம். நேர்விலக்கம், எதிர்விலக்கம் என்று பிரித்தால் முடிந்தது.

ஐயா, இரண்டு காரணங்களால் தயங்குகிறேன். 'விலக்கம்' ஏற்கெனவே புள்ளியியலில் வேலை செய்துகொண்டிருக்கிற சொல். 'திட்ட விலக்கம்' பள்ளிப் பாடத்திலேயே வந்துவிட்டது. ஆனாலும் ஒரே சொல் இரண்டு துறையில் வாழ முடியும் என்பதால் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். 'நேர்விலக்கம் 30' என்று படிக்கிற ஒருவர் என்ன நினைப்பார்? சக்கரம் 30 மிமீ வெளியே நிற்கிறது என்றுதானே? உண்மை நேர்மாறானது. கூட்டல் குறி போட்ட ரிம், சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கழித்தல் குறி போட்டதுதான் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். குறி பொருத்துமுகத்தைப் பற்றிப் பேசுகிறது, வாசகர் சக்கரத்தைப் பற்றி நினைக்கிறார். ஆங்கிலத்தில் படிக்கிறவர்களுக்கே இந்தக் குழப்பம் தீர்ந்தபாடில்லை. அதை அப்படியே நாம் தமிழுக்குத் தூக்கிவர வேண்டாம்.

> அச்சுத்துறையில் ஆஃப்செட்டுக்கு 'மறுதோன்றி' என்று இருக்கிறதே?

இருக்கிறது, அழகான சொல்லும்கூட. அங்கே தகட்டில் உள்ள உரு நேராகத் தாளுக்குப் போகாமல் ஒரு ரப்பர் விரிப்பில் பதிந்து, அதிலிருந்து மறுபடி தாளில் தோன்றுகிறது. சொல்லை ஆக்கியவர் ஆங்கிலத்தைப் பார்க்காமல் இயந்திரத்தைப் பார்த்திருக்கிறார். இங்கேயும் அதைத்தான் செய்ய வேண்டும் என்கிறேன். சக்கரத்தைப் பார்ப்போம்.

சக்கரம் என்ன செய்கிறது? உள்ளே போகிறது அல்லது வெளியே வருகிறது. அதற்குத் தமிழில் எல்லோர் வாயிலும் ஒரு சொல் இருக்கிறது. தெருவை ஒட்டிக் கட்டாமல் கொஞ்சம் தள்ளிக் கட்டிய வீட்டை 'உள்வாங்கி இருக்கும்' என்று சொல்லித்தான் வழி காட்டுகிறோம். அதனால் கூட்டல் பக்கத்துக்கு 'உள்வாங்கல்', கழித்தல் பக்கத்துக்கு 'வெளித்தள்ளல்', இரண்டையும் சேர்த்துக் குறிக்கும் பொதுப்பெயராக 'உள்வாங்களவு' என்று முன்மொழிகிறேன். உள்வாங்கு, அளவு இரண்டும் புணர்ந்தால் 'உள்வாங்களவு'.

இதற்கு வெளியிலிருந்தும் ஒரு துணை உண்டு. ரிம்மின் ஆரக்கால் பின்புறமோ பொருத்துமுகத்துக்குப் பக்கத்திலோ 'இ.டி. 30' என்கிற மாதிரி ஒரு பொறிப்பு இருக்கும். அந்த இரண்டு எழுத்து ஜெர்மன் மொழியின் 'ஐன்ப்ரெஸ்டீஃப' என்ற சொல்லின் சுருக்கம். அதற்கு உள்ளழுத்த ஆழம் என்று பொருள். அவர்களும் திசையைச் சொல்லுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். கழித்தல் வரும்போதும் அதே பெயரைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். நாமும் 'இந்த ரிம்மின் உள்வாங்களவு –12' என்று எழுதலாம், 'இந்த ரிம் 12 மிமீ வெளித்தள்ளும்' என்று பேசலாம். இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோகும்.

> உள்வாங்கல் என்றால் பாடத்தை உள்வாங்குவது, கடல் உள்வாங்குவது என்றல்லவா தோன்றும்?

தோன்றட்டும் அம்மா. ரிம்மைப் பற்றிய பத்தியில் யாருக்கும் கடல் நினைவுக்கு வராது. ஒரு சொல்லைச் சோதிக்க நான் நம்புகிற வழி, அதைக் கணக்குக்குள் போட்டுப் பார்ப்பது. கணக்கில் இடறாமல் நடந்தால் சொல் நிற்கும்.

பார்ப்போம். வண்டியில் இருப்பது 245/75ஆர்17 டயர், 30 உள்வாங்களவு ரிம். மாட்ட நினைப்பது 285/70ஆர்17. முதல் எண் டயரின் அகலம் மிமீ கணக்கில், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது, கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். பழைய டயரின் மொத்த விட்டம் 799 மிமீ, புதியது 831 மிமீ. அகலம் 40 மிமீ கூடுகிறது, அதாவது நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 20. பழைய ரிம்மிலேயே போட்டால் உள் பக்கச்சுவர் 20 மிமீ அளவுக்கு உள்ளே நுழையும். அங்கே காத்திருப்பது கண்ட்ரோல் ஆர்ம், ஷாக், ஸ்டியரிங் இணைப்பு. வண்டி நேராகப் போகும்போது தெரியாது. முழுக்கத் திருப்பி, ஒரு சக்கரம் கல்லில் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கும்போது 'கர்ர்' என்று சத்தம் வரும். இறங்கிப் பார்த்தால் பக்கச்சுவரில் ரப்பர் வழித்தெடுத்த மாதிரி பளபளவென்று ஒரு வளையம். டயரில் மிகவும் மெல்லிய இடம் அது.

சரி, உள்வாங்களவைக் குறைப்போம். 30-க்குப் பதில் சுழியம் உள்ள ரிம். டயரின் நடுக்கோடு 30 மிமீ வெளியே வருகிறது. உள் பக்கச்சுவர் 20 உள்ளே போய் 30 வெளியே வந்ததில், முன்பிருந்ததைவிட 10 மிமீ விலகி நிற்கும். உள்ளே உரசல் தீர்ந்தது. வெளிப் பக்கச்சுவர்? 20-ம் 30-ம் சேர்ந்து 50 மிமீ வெளியே. இப்போது திருப்பினால் டயர் முன்பைவிடப் பெரிய வட்டத்தில் சுழன்று வருகிறது. அதனால் டயரின் வெளி ஓரம் முன்னே பம்பர் முனையையும், பின்னே மட்காட்டின் அடியையும் தேடிப்போகும். உள்ளே இருந்த உரசலை வெளியே மாற்றி வைத்திருக்கிறோம். உண்மையான தீர்வு 30-க்கும் சுழியத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அதை வண்டிதான் சொல்லும், கடைக்காரர் சொல்ல முடியாது.

இந்தப் பத்தி முழுவதும் 'உள்வாங்களவைக் குறைத்தால் சக்கரம் வெளியே வரும்' என்ற ஒரே நினைப்பில் ஓடுகிறது. 'நேர்விலக்கத்தைக் குறைத்தால் சக்கரம் மேலும் விலகும்' என்று எழுதிப் பாருங்கள். நான் சொல்லவருவது புரியும்.

> பேக்ஸ்பேசிங்குக்கு என்ன செய்வது? பலர் அதைத்தான் அளக்கிறார்கள்.

'பின்னாழம்'. ரிம்மைக் கழற்றி, முகம் கீழே இருக்கும்படி ஒரு சாக்கின் மேல் படுக்கவைத்து, மேலே தெரியும் பின்விளிம்பின் குறுக்கே ஒரு நேர்ச்சட்டம் வைத்து, சட்டத்திலிருந்து பொருத்துமுகம் வரை டேப்பை இறக்கினால் வருவதுதான் பின்னாழம். அது எப்போதும் கூட்டல்தான், குறிச் சண்டையே கிடையாது. டயர் இல்லாமல் அளப்பது நல்லது. மாட்டிய டயரின் பக்கச்சுவர் விளிம்புக்கு மேலே உப்பி நின்று சட்டத்தைத் தூக்கிவிடும்.

> ஸ்க்ரப் ரேடியஸை 'உரசல் ஆரம்' என்று எழுதியிருந்தேன்.

இதை மாற்றியே ஆக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பெரிய டயர் பேச்சில் 'உரசல்' என்றாலே டயர் வண்டியின் உடம்பில் தேய்வதுதான். இது வேறு சமாச்சாரம். சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தக் கோட்டைத் தரைவரை நீட்டுங்கள். அது தரையைத் தொடும் புள்ளிக்கும், டயர் தரையில் பதியும் இடத்தின் நடுவுக்கும் உள்ள பக்கவாட்டுத் தூரம் இது. அந்தத் தூரம் ஒரு நெம்புகோலின் கை. ஒரு பக்கச் சக்கரம் கல்லில் மோதினால் அந்தக் கையின் நீளத்துக்கு ஏற்ப ஸ்டியரிங் கையை வெட்டி இழுக்கும். அதனால் 'தரைநெம்பு' என்பது என் பரிந்துரை. மேலே உள்ள கணக்கில் சக்கரத்தை 30 மிமீ வெளியே தள்ளியபோது தரைநெம்பும் கிட்டத்தட்ட அதே அளவு வெளிப்பக்கம் நகர்ந்துவிட்டது. டயரின் உயரம் கூடியதில் கொஞ்சம் கழியும், அவ்வளவுதான். பேரிங்கின் மேல் விழும் சுமையும் கூடவே வெளியே நகர்கிறது. உள்வாங்களவைப் பற்றி எழுதுகிற எவரும் தரைநெம்பைத் தொடாமல் போகக்கூடாது.

> தரை இடைவெளி என்று கிரவுண்ட் கிளியரன்ஸுக்கு இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

தொடவில்லை, இரண்டாகப் பிரிக்கலாமா என்று மட்டும் கேட்கிறேன். லிஃப்ட் போட்டால் தரை இடைவெளி கூடும் என்று எழுதுகிறோம். ஒரே கட்டையாக ஆக்சில் உள்ள வண்டியில் அது பாதி உண்மை. சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும் சேசிஸும் உடலும்தான் மேலே போகும். ஆக்சிலின் மேல் பல்சக்கரங்களை அடக்கிய டிஃபரென்ஷியல் உருண்டை பழைய இடத்திலேயே தொங்கும். அதை உயர்த்துவது டயர் மட்டும்தான், அதுவும் விட்டம் கூடியதில் பாதி. 799-லிருந்து 831-க்குப் போனால் கிடைப்பது 16 மிமீ. கல் முதலில் முட்டுவது அந்த உருண்டையில் என்பதால் இந்த 16-க்குத் தனிப் பெயர் தகும். 'அச்சடி உயரம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். படிக்கும்போது அச்சகம்தான் நினைவுக்கு வருகிறது. ஆக்சிலுக்கு வண்டிக்காரர்கள் புழங்கும் 'இருசு' இருக்கிறது. 'இருசடி உயரம்', 'உடலடி உயரம்' என்று பிரித்தால் லிஃப்ட் எதைத் தரும், டயர் எதைத் தரும் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டயரை டயர் என்றே விடுவோம், 'உருளிப்பட்டை' என்று எழுதினால் பஞ்சர் கடையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மணலுக்காகக் காற்றைக் குறைப்பது 'காற்றிறக்கல்', அது ஏற்கெனவே பேச்சில் உள்ளது. அப்படி இறக்கும்போது டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து நழுவாமல் வளையம் வைத்து போல்ட் போட்டு இறுக்கும் அமைப்புக்கு 'விளிம்புப்பூட்டு' என்று வந்த சொல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, அப்படியே ஏற்கலாம். கியர் விகிதம், 'கியர் விகிதம்'தான்.

ஒன்றே ஒன்று பாக்கி இருக்கிறது. ரிம்மை மாற்றாமல், ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஒரு தடித்த தட்டு வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுகிறார்களே, அந்த ஸ்பேசருக்கு 'இடைத்தட்டு' என்று போட்டிருக்கிறேன். 30 உள்வாங்களவுள்ள ரிம்முக்குப் பின்னால் 25 மிமீ இடைத்தட்டு வைத்தால் மிச்ச உள்வாங்களவு 5. இங்கேயும் கணக்கு நேராக வருகிறது. ஆனால் வெறும் வாஷர் மாதிரி நுழைத்து, ஹப்பில் இருக்கிற ஸ்டட்டிலேயே (நட்டு ஏறும் மரைக்கம்பி) நட்டு போடுகிற வகை ஒன்று, தனக்கென்று ஸ்டட் உள்ள, ஹப்பில் தனியாக இறுக்கப்படுகிற வகை இன்னொன்று. முதல் வகையில் தட்டு தடிக்கத் தடிக்க நட்டு பிடிக்கிற மரை குறைந்துகொண்டே போகும், அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இரண்டையும் 'இடைத்தட்டு' என்ற ஒரே சொல்லில் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. பட்டறையில் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர் புழங்குவதைக் கேட்டவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்.