ரேடியோ நெல்

பழைய ரேடியோ நினைவுகள், மூன்று ஊர்க்காரர்கள் சொன்னவை.

கும்பகோணம் பக்கத்திலிருந்து:

ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்தைச் சொன்னால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் யோசிப்பார்கள். ‘ரேடியோ நெல்’ என்றால் உடனே முகம் மலரும். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் ஜப்பான் ரகத்தோடு ஒட்டுச் சேர்த்து எடுத்த குறுவை நெல் அது. சுமார் 105 நாளில் அறுப்புக்கு வந்துவிடும். 1960களின் நடுவில் திருச்சி வானொலி அதைப் பற்றி விடாமல் சொன்னதில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அப்போது எனக்குப் பத்து வயது. பஞ்சாயத்து ரேடியோ பூட்டிய மரப்பெட்டிக்குள் இருக்கும். போட்டவுடன் பேசாது. வால்வு சூடாகி, உள்ளே செம்மஞ்சள் வெளிச்சம் ஏறி, ஓர் உறுமல் வந்த பிறகுதான் குரல் வரும். அதற்குள் திண்ணை நிரம்பிவிடும். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நட்டு எத்தனையாவது நாள் மேலுரம் போட வேண்டும் என்று கேட்டு வந்து, நடவு அன்றிலிருந்து தினம் ஒரு கரிக்கோடு அடுக்களைச் சுவரில் இழுப்பார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுகூட அம்மா அந்த இடத்தைத் தொடவில்லை.

ஒரு வருஷம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்து, நெல் கதிரிலேயே முளைத்துவிட்டது. அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் சாயங்காலம் ஆனதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரேடியோ கேட்கப் போனார். நம்ம ஊர்ப் பேச்சில் ஒரு விவசாயி பேசுவதைக் கேட்க அவருக்கு அவ்வளவு ஆசை.

லால்குடியிலிருந்து:

எங்கள் அறிவியல் வாத்தியார் பேட்டரி இல்லாமல் ஒரு ரேடியோ செய்தார். அட்டைக் குழாயில் சுற்றிய செப்புக் கம்பி, கலீனா என்ற ஈயத் தாதுப் படிகம் ஒரு துண்டு, அதைத் தொடும் ஊசி முனை, ஒரு ஹெட்போன், அவ்வளவுதான். ஏரியல் கம்பியைப் பள்ளிக்கூடத்துக் கூரையிலிருந்து தென்னை மரத்துக்கு இழுத்துக் கட்டினோம். திருச்சி நிலையத்து அலை கொண்டுவரும் சக்தியே அதற்குப் போதும். ஊசியை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, ஒரு புள்ளியில் மெல்லிசாக நாகஸ்வரம் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. கலீனாவை வைத்து அலையை உணரும் கருவிக்கு ஜகதீஷ் சந்திர போஸ் 1904இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார் என்று வாத்தியார் அன்றுதான் சொன்னார். எங்கள் பாடப் புத்தகம் மார்க்கோனியோடு நிறுத்திக்கொண்டது எனக்கு இன்றும் வருத்தம்.

மன்னார்குடியிலிருந்து:

1924இல் சென்னையில் ஆர்வலர்கள் சேர்ந்து ரேடியோ கிளப் தொடங்கினார்கள். பணமில்லாமல் 1927இல் மூடிவிட்டார்கள். அவர்களுடைய டிரான்ஸ்மிட்டரைக் கொண்டு மாநகராட்சி 1930இலிருந்து ஒலிபரப்பியது. மெரினாவில் ஒலிபெருக்கி முன்னால் மணலில் உட்கார்ந்து கேட்டதாகத் தாத்தா சொல்வார். அப்புறம் ஊர் திரும்பிவிட்டார். 1939 மே 16 அன்று திருச்சி நிலையம் தொடங்கிய பிறகு சொந்தமாக ஒரு பெட்டி வாங்கினார். அப்போது ரேடியோ வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். வருஷா வருஷம் தபால் ஆபீசில் பணம் கட்டி வாங்கிய அந்த லைசென்ஸ் புத்தகம் இன்னும் பரணில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் படம் எடுத்துப் போடுகிறேன்.