மறு: வெயிலை வெப்பமாக்கும் நானோபொருளுக்கு என்ன சொல்?

அன்பு நண்பர்களுக்கு,

வெயிலை உள்ளே வாங்கி வெப்பமாக மாற்றும் நானோபொருளுக்கு, அதாவது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான நானோமீட்டர் அளவில் அமைந்த பொருளுக்கு, தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் இழை நீண்டுவிட்டது. இதுவரை வந்த பரிந்துரைகளில் மூன்றுதான் தாக்குப்பிடித்திருக்கின்றன: சூரியகாந்தம், வெயிலுறிஞ்சி, ஒளிவெப்பப் பொருள். வரிசையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

> சூரியகாந்தம் என்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கும்போது புதிதாக எதற்கு?

ஐயா, சொல் அழகுதான். ஆனால் பழம்பாடல்களில் வரும் சூரியகாந்தக் கல், வெயிலைக் குவித்துப் பக்கத்தில் இருக்கும் பஞ்சைச் சுடுகிறது. அது வில்லையின் (லென்ஸின்) வேலை. நாம் பேசும் பொருள் ஒளியை உள்ளே வாங்கித் தானே சூடாகி, அப்புறம்தான் பக்கத்தில் இருப்பதற்குச் சூட்டைக் கொடுக்கிறது. போதாக்குறைக்கு, தேடுபொறியில் போட்டால் சூரியகாந்திப் பூ வேறு குறுக்கே வரும்.

வெயிலுறிஞ்சியில் எனக்கு இரண்டு சிக்கல்கள். சூரிய மின்கலமும் வெயிலை உறிஞ்சத்தான் செய்கிறது. அது தருவது மின்சாரம். உறிஞ்சிய பிறகு என்ன ஆனது என்பதை இந்தச் சொல் சொல்லவில்லை. இன்னொன்று, தங்க நானோதண்டுகளை உடலுக்குள் செலுத்தி, 800 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு லேசரால் சூடேற்றிப் புற்றுச் செல்களை அழிக்கும் ஆய்வுகள் நடக்கின்றன. அங்கே வெயிலுக்கு ஏது இடம்? இயற்பியல் என்னவோ ஒன்றுதான். ஆகவே சூரியனை வேர்ச்சொல்லில் வைக்க வேண்டாம்; தேவைப்படும் இடத்தில் அடையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பொருளுக்குள் நடப்பது பொருளுக்குப் பொருள் வேறு. தங்கம், வெள்ளி போன்ற உலோகத் துகளில், கட்டற்ற எலக்ட்ரான்கள் ஒளியலையோடு சேர்ந்து மொத்தமாக ஊசலாடுகின்றன; அந்த ஆற்றல் சில பிக்கோநொடிகளில் (நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) அணிக்கோவையின், அதாவது ஒழுங்காக அடுக்கப்பட்ட அணுக்களின், அதிர்வாக, அதாவது வெப்பமாக, மாறிவிடுகிறது. குறைகடத்தியில், மேலே தூக்கப்பட்ட எலக்ட்ரான் ஒளியை உமிழாமலே கீழே இறங்குகிறது. கிராஃபீன் (ஓர் அணுத் தடிமனுள்ள கார்பன் தாள்), கார்பன் நானோகுழாய் போன்றவற்றில் ஆற்றல் மட்டங்கள் நெருக்கமாக இருப்பதால் ஏறக்குறைய எல்லா நிறமும் உள்ளே போய்விடும். வழி எதுவானாலும் நுழைவது ஒளி, முடிவது வெப்பம். சொல்லில் இந்த இரண்டு முனையும் இருந்தாக வேண்டும்.

அப்படிப் பார்த்தால் ஒளிவெப்பம்தானே சரி என்பீர்கள். அங்கேதான் தொகை இடிக்கிறது. ஒளியால் ஆகிய வெப்பம் என்று வேற்றுமைத் தொகையாக விரிக்கலாம். ஒளியும் வெப்பமும் என்று உம்மைத் தொகையாகவும் விரிக்கலாம். "விளக்கின் ஒளிவெப்பம்" என்று எழுதினால் பத்துப் பேரில் ஒன்பது பேர் இரண்டாவதாகத்தான் படிப்பார்கள். ஒரு வினையை உள்ளே விட்டால் இந்த மயக்கம் தீரும். மின்னாக்கி இருக்கிறது அல்லவா, அதே அச்சில் *ஒளிவெப்பாக்கி*. நிகழ்வுக்கு *ஒளிவெப்பாக்கம்*.

> வெப்பம் + ஆக்கி என்றால் வெப்பவாக்கி என்றுதானே வரும்? மரவடி போல?

வரும், அம்மா. நான் புணர்த்தியது வெப்பத்தை அல்ல, வெப்பை. வெப்பு நோய் என்கிறோமே, அந்த வெப்பு. வெப்பு + ஆக்கி, குற்றியலுகரம் கெட்டு வெப்பாக்கி. இலக்கணத்துக்கும் பழுதில்லை, நாக்குக்கும் வசதி.

> கருப்பு பெயின்ட் அடித்த தகடும் இதைத்தானே செய்கிறது?

ஆமாம், அதுவும் ஒளிவெப்பாக்கிதான். அதை விலக்க வேண்டியதில்லை. நானோ என்ற முன்னொட்டு பிரித்துக் காட்டிவிடும். வெறும் கருப்பின் குறை என்னவென்றால், வாங்கிய வேகத்திலேயே வெப்பக் கதிராக வெளியே விடும். சூரிய ஆற்றலில் பெரும்பகுதி 0.3 முதல் 2.5 மைக்ரோமீட்டர் அலைநீளத்துக்குள் வருகிறது. 100 டிகிரி செல்சியஸில் இருக்கும் தகடோ 8 மைக்ரோமீட்டரை ஒட்டி அதிகமாகக் கதிர்வீசுகிறது. முதல் அலைநீளப் பட்டையை விழுங்கி, இரண்டாவதில் கதிர்வீசாமல் வாயை மூடிக்கொள்ளும் பரப்பை நானோ அளவில் அடுக்கடுக்காக அமைக்க முடிகிறது. தங்கத்திலும் நானோ அளவும் வடிவமும்தான் விளையாடுகின்றன: 20 நானோமீட்டர் உருண்டை 520 நானோமீட்டர் அருகே ஒளியை உட்கவர்வதால் கரைசல் சிவப்பாகத் தெரிகிறது, அதையே நீட்டித் தண்டாக்கினால் உட்கவர்ச்சி அகச்சிவப்புப் பக்கம் நகர்கிறது. இதனால்தான் நானோவை "நுண்" என்று மாற்றும் யோசனையை ஏற்க முடியவில்லை. நுண்ணுயிரி, நுண்ணோக்கி எல்லாம் மைக்ரோ அளவுக்குப் போய்விட்டன. ஆயிரம் மடங்கு வித்தியாசத்தை ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது.

"பயனுள்ள வெப்பம்" என்ற அடை வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லுக்குள் வேண்டாம், வரையறையில் போதும். நீராவியாக்கத்தைப் பாருங்கள்; அங்கே நீரை ஆவியாக்கும் வெப்பம்தான் பயனுள்ள வெப்பம். வெயில் சதுர மீட்டருக்கு 1000 வாட் என்றால் ஒரு மணி நேரத்தில் கிடைப்பது 3.6 மெகாஜூல். ஒரு கிலோ நீரை ஆவியாக்கச் சுமார் 2.4 மெகாஜூல் வேண்டும். ஒரு துளி வெப்பம்கூட வீணாகாவிட்டாலும் அந்த வெயிலில் சதுர மீட்டருக்கு மணிக்கு ஒன்றரைக் கிலோதான். கீழே கிடக்கும் நீரையெல்லாம் சூடாக்கினால் அதுவும் தேறாது. 2014இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் குழு ஒன்று கார்பன் நுரையின் மேல் கிராஃபைட் அடுக்கை வைத்து நீரில் மிதக்கவிட்டது. வெப்பம் மேற்பரப்பிலேயே தங்கியது. பத்து மடங்கு குவித்த வெயிலில் 85 சதவீதத் திறன் வரை கிடைத்தது. நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பில் மட்டும் சூடேற்றி ஆவியாக்கும் இந்த முறைக்கு *இடைமுக ஆவியாக்கம்* என்பதே போதும், இடைமுகம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

ஆக, என் முன்மொழிவு: ஒளிவெப்பாக்கம், ஒளிவெப்பாக்கி, ஒளிவெப்பாக்க நானோபொருள். வெயிலுக்கு மட்டும் என்றால் முன்னால் சூரிய. பெயரடையாக மட்டும் நிற்கும் இடங்களில் ஒளிவெப்ப என்று சுருக்கினாலும் எனக்கு மறுப்பில்லை, பின்னால் விளைவு, சிகிச்சை என்று ஏதாவது வந்துவிடும்.

ஒரு பட்டையை மட்டும் விழுங்கும் அந்தப் பரப்புக்குத்தான் இன்னும் சொல் அகப்படவில்லை. பாடநூல்களில் உட்கவர் நிறமாலை என்று இருப்பதால் *தேர்ந்துட்கவரி* என்று போட்டுப் பார்த்தேன். உரக்கச் சொல்லிப் பாருங்கள், பல் உடையும். *தெரிவேற்பி* பரவாயில்லை, ஆனால் ஏற்பி என்ற சொல் (receptor என்ற பொருளில்) உயிரியல்காரர்கள் கையில் இருக்கிறது. வேறு யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?