மஞ்சள் பாரில் துள்ளும் வெள்ளைப் பூச்சிகள்: மருந்து போட வேண்டுமா?

கேள்வி (கொடுமுடியிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் எங்கள் தோட்டம் உள்ளது. இந்த ஆண்டு மஞ்சளுக்குக் கரும்புத் தோகையை மூடாக்காகப் போட்டிருந்தோம். சென்ற வாரம் தோகையை விலக்கியபோது, ராகி அளவுகூட இல்லாத வெள்ளை, சாம்பல் நிறப் பூச்சிகள் நூற்றுக்கணக்கில் தெறித்துத் துள்ளின. இரண்டு தூர்களைப் பிடுங்கிப் பார்த்ததில், கிழங்கு அழுகியிருந்த தூரில் இவை மொய்த்துக் கிடந்தன. நல்ல தூரில் ஒன்றிரண்டே இருந்தன. மருந்துக் கடையில், "வேர்ப்பூச்சிதான், குருணை மருந்து போடுங்கள்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள். மண்புழுவும் சேர்ந்து சாகுமே என்று தயங்குகிறேன். இவைதாம் கிழங்கை அழுகச் செய்தனவா?

மறுமொழி 1 (கோவை, விலங்கியல் ஆசிரியர்)

குருணையைச் சற்றே தள்ளி வையுங்கள், ஐயா. நீங்கள் கண்டவை கொல்லெம்போலா பிரிவைச் சேர்ந்த ஸ்பிரிங்டெயில்களாகவே இருக்க வேண்டும். ஆறு கால்கள் இருந்தாலும், வாயுறுப்புகள் தலைக்குள்ளேயே அடங்கியிருப்பதால், இன்று பல ஆய்வாளர்கள் இவற்றைப் பூச்சியினத்தில் சேர்ப்பதில்லை. வயிற்றின் அடியில் கவட்டை போன்ற ஓர் உறுப்பு முன்புறமாக மடங்கி ஒரு கொக்கியில் மாட்டிக்கிடக்கும். கொக்கி விட்டதும் அது தரையை அடிக்க, உடல் மேலே எறியப்படும். நீங்கள் பார்த்த துள்ளல் அதுதான். உலகில் 9,000-க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. ஸ்காட்லாந்தின் ரைனி பாறையில் கிடைத்த இவற்றின் புதைபடிவத்துக்கு வயது ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள்.

மஞ்சளில் கிழங்கு அழுகலைப் பெரும்பாலும் உண்டாக்குவது பித்தியம் என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர். தண்ணீர் தேங்கும் இடத்தில் அது பரவும். ஸ்பிரிங்டெயில்களோ பூஞ்சை இழைகளையும் மட்கையும் மேய்பவை. அழுகல் வந்த பிறகு அதை மேயக் கூடியிருக்கின்றன; இழவு வீட்டுக்கு வந்தவர்களைக் கொலைகாரர்கள் என்று பிடித்துக் கட்டினால் எப்படி? அந்தப் பாரில் வடிகால் சரியாக இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தோகைக்கு இடையில் வாழ்பவற்றுக்கு நிறமும் கண்களும் நீண்ட கவட்டையும் இருக்கும். சில அங்குலம் கீழே போனால், வெளிறிய, கண்ணில்லாத, கவட்டை குறுகிய அல்லது அறவே அற்ற இனங்கள் வரும், ஏனெனில் இருட்டான சந்துக்குள் துள்ளி எங்கே போவது? இவற்றுக்கு மண்ணைத் தோண்டத் தெரியாது. மண் கட்டிகளுக்கு இடையிலுள்ள துளைகளும் பழைய வேர் போன வழிகளுமே இவற்றின் தெருக்கள். ஈரம் காயாத மண்ணில் டிராக்டரை இறக்கினால், அந்தத் தெருக்கள் நசுங்கிப்போகின்றன.

மறுமொழி 2 (பொள்ளாச்சி)

ஆசிரியர் சொன்னது சரிதான், ஆனால் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் நற்சான்று கொடுத்துவிட வேண்டாம். துள்ளாமல், பன்னிரண்டு ஜோடிக் கால்களுடன் வெள்ளைப் பூரான் குஞ்சு போல ஓடினால் அது சிம்பிலா. அதில் சில இனங்கள் இளவேரைக் கடிக்கும். மாறாக, பழுப்பு நிறத்தில் பளபளவென்று, கடுகைவிடச் சிறிதாக மெல்ல நகர்ந்தால் ஆரிபேட்டிட் என்னும் மண் சிலந்தி. 1998-இல் கேரளத்தில் கண்டறியப்பட்ட ஈரியோபைட் சிலந்தி எங்கள் தோப்புகளுக்கும் வந்து தேங்காயைப் பாழாக்கிய பிறகு, "சிலந்தி" என்றாலே இங்கு அச்சம். அந்தப் பெயருக்காக இந்த மட்கு தின்னியைத் தண்டிப்பது நியாயமில்லை. இவற்றில் சில, தொட்டால் தலையையும் காலையும் உள்ளிழுத்துக்கொண்டு உருண்டையாகிவிடும்.

பிரித்துப் பார்க்க வழி எளிது. தண்ணீர் பாட்டிலின் மேற்பகுதியை அறுத்துத் தலைகீழாக வைத்து, வாயில் கொசுவலைத் துண்டைக் கட்டி, மேலே ஒரு கை மண்ணை இட்டு, மேலிருந்து குண்டு பல்பை எரிய விடுங்கள். மண் மேலிருந்து காயக் காய, உயிர்கள் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கி, அடியில் வைத்த ஈரத்துணியில் விழும். இத்தாலியரான பெர்லேசி 1905-இல் செய்த புனலின் ஏழை வடிவம் இது.

மறுமொழி 3 (காங்கேயம்)

எங்களுடையது உழவே காணாத கொறங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம். கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல். வெட்டவெளி மண்ணைச் சலித்தால் ஏதும் கிடைக்காது; வெள்வேல் நிழலில் உதிர்ந்த இலைக்கடியில் ஸ்பிரிங்டெயில்கள் கூட்டமாக இருக்கின்றன. கோடை மழைக்கு முன் எழும் மண்வாசனைக்கும் இவற்றுக்கும் தொடர்புண்டு. ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா உண்டாக்கும் ஜியோஸ்மின் மணம் ஸ்பிரிங்டெயில்களை ஈர்க்கிறது. அவை வந்து மேய்ந்து, அதன் வித்துகளை உடம்பில் ஒட்டவைத்துக்கொண்டும் எச்சத்திலும் சுமந்து பரப்புகின்றன என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது.

கேட்டவரின் பின்குறிப்பு

நேற்றிரவு பாட்டில் புனலை வைத்தேன். காலையில் துணியில் விழுந்தவற்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், பெரும்பாலானவை கவட்டைக்காரர்கள். பளபளக்கும் பழுப்பு உருண்டைகள் ஏழெட்டு. பன்னிரண்டு ஜோடிக் கால் ஆசாமி ஒருவர்கூட இல்லை. அழுகிய தூர் இருந்த பார், மடைக்குப் பக்கத்தில் தண்ணீர் நின்ற இடம்தான் என்று அப்பா இப்போதுதான் சொல்கிறார். குருணை வாங்கவில்லை, நாளை அங்கே வடிகால் வெட்ட ஆள் சொல்லியிருக்கிறேன்.