சின்னப் பிள்ளைகளோடு நடை: ஆகாயகங்கைக்கு 4 வயதுக் குழந்தையைக் கூட்டிப் போகலாமா?

கேள்வி | வேளச்சேரி_அம்மா

பையனுக்கு 7 வயது, பொண்ணுக்கு 4. லீவு நாளில் மாலில் சுற்றுவதை விட்டுவிட்டு ரெண்டு பேரையும் மண்ணில் நடக்கப் பழக்கலாம் என்று இருக்கிறோம். டிசம்பரில் கொல்லிமலை போய் ஆகாயகங்கை அருவியைக் காட்டவேண்டும் என்று வீட்டில் பேச்சு. சின்னவள் அந்தப் படிகளில் இறங்கி ஏறுவாளா? அதற்கு முன்னால் சென்னைக்குள் எங்கே பழக்குவது? பையில் என்ன இருக்கவேண்டும்? காட்டுப்பாதை என்றால் அனுமதி வாங்கவேண்டுமா?

பதில் 1 | ஒற்றையடி

ஆகாயகங்கைக்குச் சின்னவளைக் கூட்டிப் போகாதீர்கள். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கமிருந்து இறங்கும் படிகள் 1,000-க்கு மேல். அருவிப் பாதை பெரும்பாலும் முதலில் இறக்கம், திரும்பும்போது ஏற்றம். பிள்ளைகளோடு போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். இறங்கும்போது குழந்தை குதித்துக்கொண்டு போகும், களைப்பே தெரியாது. தண்ணீரில் ஆடி, நனைந்து, பசி வந்த பிறகுதான் ஏறவேண்டியிருக்கும். அப்போது உட்கார்ந்துவிட்டால் 15 கிலோவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஈரப்படியில் ஏறவேண்டும். கால் வைக்கும் படி கண்ணுக்குத் தெரியாது, வழுக்கினால் இருவருக்கும் அடி. பையனை ஒருவர் கூட்டிப் போகட்டும், இன்னொருவர் சின்னவளோடு கோயிலடியில் இருக்கட்டும். அவளுக்கு மாசிலா அருவி போதும், அங்கே படிகள் மிகவும் குறைவு.

உச்சிக்குப் போகும் பாதையில் இந்தச் சிக்கல் இல்லை. ஏற்றம் முதலில் வருவதால் முடியவில்லை என்றால் அந்த இடத்திலேயே திரும்பிவிடலாம்.

தூரத்தைக் கிலோமீட்டரில் போடாதீர்கள், நேரத்தில் போடுங்கள். 4 வயதுக் குழந்தை எறும்புப் புற்று, கல், காய்ந்த காய் என்று நின்று நின்றுதான் நடக்கும். மணிக்கு ஒரு கிலோமீட்டர் வந்தால் நல்ல வேகம். மொத்தம் 2 மணி நேரம் என்றால் 45-வது நிமிடத்தில் திரும்பிவிடுங்கள், எவ்வளவு உற்சாகமாக இருந்தாலும். "கால் வலிக்குது" என்ற முதல் புகார் பெரும்பாலும் பசி அல்லது சலிப்பு. உட்காரவைத்துக் கடலைமிட்டாய் கொடுங்கள், அடுத்த திருப்பம் வரை முன்னால் போய் வழிகாட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகும் அதே புகார் என்றால் உண்மையான களைப்புதான், திரும்புங்கள்.

சென்னைக்குள் கிண்டி சிறுவர் பூங்காவில் தொடங்குங்கள். நிழல் உண்டு, எந்த இடத்திலிருந்தும் வாசல் பக்கம்தான். அடுத்தது அடையாறு பிரம்மஞான சபை வளாகம். மண்பாதை, வேர், சருகு எல்லாம் காலுக்குப் பழகும், பெரிய ஆலமரமும் இருக்கிறது. அங்கே ஞாயிறு விடுமுறை, தின்பண்டத்துக்கும் கூச்சலுக்கும் இடமில்லை. மூன்றாவதாக வண்டலூர். 602 ஹெக்டேர், ஒரே நாளில் முழுச் சுற்று என்பது பிள்ளைகளுக்குத் தண்டனை. ஒரு பக்கம் மட்டும் நடந்துவிட்டு பேட்டரி வண்டியில் திரும்புங்கள். செவ்வாய் விடுமுறை.

பதில் 2 | பூனைக்காலி

பை பற்றி நான் சொல்கிறேன். இரண்டு மணி நேர நடைக்குப் பிள்ளைக்கு அரை லிட்டர் தண்ணீர், வெயில் நாளில் முக்கால். தாகம் என்று கேட்கும் வரை காத்திருக்காமல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை நாலு மடக்கு கொடுங்கள். ஓஆர்எஸ் பொடி ஒரு பாக்கெட். பெரிய பாக்கெட் முழு ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. கையில் இருக்கும் அரை லிட்டர் பாட்டிலில் மொத்தத்தையும் கொட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. உப்பின் அடர்த்தி கூடினால் குழந்தைக்குக் கெடுதல். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்துக் கரையுங்கள்.

செல்லோ டேப் ஒன்று கட்டாயம். மழைக்குப் பிந்தைய மாதங்களில் புதர்ப்பாதை ஓரம் பூனைக்காலிக் காய் தொங்கும்: விரல் நீளம், லேசாக வளைந்து, பொன்னிறப் பட்டுமயிர் போர்த்தியிருக்கும். பார்த்தால் தடவத் தோன்றும், பிள்ளைகள் தொட்டுவிடுவார்கள். அந்த மயிர் தோலில் குத்தி அரிப்பு தாங்காது. தேய்த்தாலோ உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினாலோ மற்ற இடத்துக்கும் பரவும். முதலில் டேப்பை ஒட்டி ஒட்டி உரித்து மயிரை எடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றுங்கள். கம்பளிப்பூச்சிக்கும் இதே வைத்தியம்.

ஈரமான காட்டில் அட்டை ஏறினால் பிடுங்கி இழுக்காதீர்கள், நெருப்பும் வேண்டாம். வாய்ப்பக்கம் நகத்தைக் கொடுத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் வடியும், அது உறையாமல் இருக்க அட்டை விடும் பொருளால்தான். பயப்படவேண்டாம், அழுத்திப் பிடியுங்கள்.

பயப்படவேண்டியது உண்ணிக் காய்ச்சலுக்கு. ஸ்க்ரப் டைபஸ் என்று மருத்துவர்கள் சொல்வது. புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்கே தெரியாத சிறு பூச்சி கடித்து வருவது. மழைக்காலத்திலும் அதன் பின்வரும் குளிர் மாதங்களிலும் தமிழ்நாட்டில் அதிகம். முழுக்கால் பேன்ட், காலுறைக்குள் செருகியபடி. புல்லில் உட்காரவைப்பதானால் விரிப்பு போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் குளிப்பாட்டி, துணியை வெந்நீரில் துவையுங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அக்குள், தொடையிடுக்கு, இடுப்புப் பட்டி படும் இடம், காதின் பின்புறம் எல்லாம் பாருங்கள். சிகரெட் சூடு பட்டதுபோல் வலியில்லாத கருப்புப் பொருக்கு இருந்தால் அதை மருத்துவரிடம் காட்டி, புதர்ப்பக்கம் போனதையும் சொல்லுங்கள். பொருக்கு இல்லாவிட்டாலும் சொல்லவேண்டும். உரிய மருந்து சீக்கிரம் ஆரம்பித்தால் குணமாகும் நோய், தாமதித்தால்தான் ஆபத்து.

குரங்கு இருக்கும் இடத்தில் கையில் பிளாஸ்டிக் கவர் பிடிக்கவிடாதீர்கள். கவர் என்றாலே தீனி என்று அவற்றுக்குப் பழகிவிட்டது. கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போங்கள்.

பதில் 3 | சோலைநிழல்

அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நடப்பது குற்றம். "உள்ளூர்க்காரர் ஒருவர் கூட்டிப் போவார்" என்று யாராவது சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் 40 பாதைகள் எளிது, மிதம், கடினம் என்று பிரித்து இருக்கின்றன. பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட வருவார். 10 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு எளிய பாதை மட்டும், அதுவும் பெற்றோர் துணையோடு. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை காட்டுத்தீக் காலம், பாதைகள் மூடப்படும். அந்த மாதங்களில் திட்டம் போடாதீர்கள்.

வேளச்சேரி_அம்மா

எல்லாருக்கும் நன்றி. அப்போ ஆகாயகங்கை பையனுக்கு மட்டும். கொல்லிமலை ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவு என்கிறார்களே, சின்னவள் காரில் வாந்தி எடுப்பாள். என்ன செய்வது?

ஒற்றையடி

வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. மலை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி. பால், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். காருக்குள் போனோ படப்புத்தகமோ கொடுக்காதீர்கள். கண் ஓரிடத்தில் நிற்க, உடம்பு சுழல்வதால்தான் குமட்டல் வருகிறது. பின் சீட்டின் நடுவில் சரியான பெல்ட்டும் குழந்தை இருக்கையும் பொருந்துமானால் அங்கே உட்காரவைத்து முன் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும். 15 வளைவுக்கு ஒருமுறை அகலமான இடம் பார்த்து நிறுத்தி ஐந்து நிமிடம் இறங்கி நிற்கவிடுங்கள். மாத்திரை கொடுப்பதானால் அவள் எடையைச் சொல்லிக் குழந்தை மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள், பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கவேண்டாம். மேலே போய்ச் சேர்ந்ததும் நடக்க ஆரம்பிக்காதீர்கள். ஒரு மணி நேரம் ஓய்வு, பிறகு மாசிலா.