ஓடைக்கு மேல மரம் நடுறதா, சும்மா விடுறதா?

களக்காட்டு வாழை:
எங்கூரு ஓடை முன்னெல்லாம் பங்குனி வரைக்கும் ஓடும், இப்ப தை பொறக்கும்போதே மணலு தெரியுது, வாழைக்கு போர்த் தண்ணிதான் கதி. அதான் ஊர்க்கூட்டத்துல பேசி முடிச்சிருக்கோம், ரிசர்வ் காட்டுக்கு வெளிய ஓடைக்கு மேல இருக்க பொறம்போக்குச் சரிவு பூரா மரம் நட்டு நாமளே பாத்துக்கிடுறதுன்னு. கவர்மெண்ட நம்பிட்டு இருந்தா நடக்காது. ஐப்பசி மழைக்குள்ள குழி வெட்டணும். சீக்கிரம் வளரணும்னு யூகலிப்டஸ் போடலாங்காவ, வெட்டி வித்தா ஊருக்கும் வருமானம். என்ன சொல்லுதிய?

கன்னடியன் கால்வாய்:
அண்ணாச்சி, ஓடைல தண்ணி வேணும்னுட்டு யூகலிப்டஸ் நடப்போறியளா, நல்லாருக்கே. நீலகிரி கிளன்மார்கன்ல புல்வெளிப் பள்ளத்தாக்குல அதத்தான் நட்டு ஓடைத் தண்ணிய அளந்தே பாத்தாச்சு, முதல் பத்து வருஷத்துலயே 16 சதவீதம் கொறஞ்சு போச்சு. வெட்டுன கட்டைல மறுபடி தழைஞ்சப்ப இன்னும் கொறஞ்சுது. புல்லு மேலாப்புலதான் குடிக்கும், அந்த மரம் ஆழத்துல இருக்கதையும் உறிஞ்சிரும், கோடைல ஓடைக்குக் கசிய வேண்டியதே அந்தத் தண்ணிதான வே.

களக்காட்டு வாழை:
சரி யூகலிப்டஸ் வேண்டாம், நாட்டு மரம் போடுதோம். ஆனா நீரு பேசுறதப் பாத்தா மரமே வேண்டாங்க மாதிரில்லா இருக்கு. பொதிகைல காடு நிக்கப்போய்தான தாமிரபரணி சித்திரைலயும் ஓடுது? எத்தன ஆறு இப்படி ஓடுது, சொல்லும் பாப்போம்.

கன்னடியன் கால்வாய்:
அந்தக் காடு நட்டு வந்த காடா? தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு மழையும் பிடிக்குது, காலங்காலமா சருகு மக்கி மக்கி மண்ணே மெத்தை மாதிரி கெடக்கு, பெய்யுற மழை உள்ள எறங்கி மாசக்கணக்குல கசியுது. போதாததுக்கு பாபநாசம் அணைல 143 அடி தேக்கி வச்சு விடுதான், அதையும் சேத்துக்கிடணும். உங்க சரிவு வேற. அங்கன புல்லும் புதரும் வேர் பிடிச்சுக் கெடக்கு, அதப் பூரா கிளறி குழி வெட்டுனா முதல் பேய்மழைல மண்ணு ஓடைக்குத்தான் வரும். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அப்படிப் பெஞ்சா பெரிய காடே தாங்காது, உம்ம கன்னு எம்மாத்திரம். தீயும் ஆடும் போகாம அஞ்சாறு வருஷம் விட்டுப் பாருங்க, பறவை போடுற விதைலயே பாதி வந்துரும்.

மந்தைக்காரன்:
ஆடு போகாமன்னு ஒத்த வார்த்தைல சொல்லிட்டிய. அந்தச் சரிவுலதான் எங்கய்யா காலத்துல இருந்து மேய்க்கோம். ஊர்க்கூட்டம்ங்காவளே, எங்க தெருவுல ஒரு ஆளக் கூப்பிட்டியளா? வாழை வச்சிருக்கவனுக்கு மட்டுந்தான் ஊரா?

களக்காட்டு வாழை:
தண்டோரா போட்டுத்தான கூட்டம் நடந்துச்சு, வராதது யார் தப்பு. போன வருஷம் குளத்தங்கரைல வச்ச வேம்பு அத்தனையும் யாரு ஆடு கடிச்சுதுன்னு சொல்லவா?

எஸ்டேட் பிள்ளை:
உள்ள வரக்கூடாதுன்னுதான் இருந்தேன். நாங்க மலை மேல மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்ல இருந்து எறங்குனவங்க. 1929ல சிங்கம்பட்டி ஜமீன் 8374 ஏக்கர் காட்ட ஒரு கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது, அந்தக் காட்ட அழிச்சுத் தேயிலை போட்டது எங்க தாத்தா பாட்டி கையாலதான், கூலி அவங்களுக்கு லாபம் வேற ஆளுக்கு. இப்ப மறுபடி காடாக்கணுமாம், ஆத்துக்கு நல்லதாம். நல்லதாவே இருக்கட்டும். கவாத்து பண்ணாம விட்டா தேயிலை மரமா வளந்து நிக்கும், அதுக்கு நடுவுல காட்டு மரத்த எப்படிக் கொண்டு வரணும்னு வால்பாறைப் பக்கம் நர்சரி போட்டு வருஷக்கணக்கா செய்யுதாங்க. அந்த வேலைய அங்கயே பொறந்து வளந்த எங்களுக்குக் குடுத்திருக்கலாம்லா? மலைய காப்பாத்தணும்னா முதல்ல ஆள எறக்குறதுலதான் தொடங்குதாவ. இந்த அண்ணாச்சி ஆட்டுக்காரரப் பேசுறதும் அதே ரகந்தான்.

கன்னடியன் கால்வாய்:
அக்கா சொல்லுறது சரி. 1988ல களக்காடு, முண்டந்துறை ரெண்டு சரணாலயத்தையும் சேத்து புலிகள் காப்பகம் ஆக்குனாங்க, பெறவு தொண்ணூறுகள்ல அடிவார ஊர்கள்ல வனக்குழு போட்டு உலக வங்கிப் பணத்துல சுழல் நிதி குடுத்தாங்க, பொம்பளைக மாடு வாங்குனாவ, கடை வச்சாவ, மலைல வெறகு எடுக்குறது கொறஞ்சுது. காட்டுக்கு அதால கெடச்ச லாபத்த எந்தக் கன்னு நடும் விழாவும் குடுக்கல (மந்திரி வந்து போட்டோ எடுத்த மரமெல்லாம் எங்க நிக்குன்னு போய்ப் பாத்தவன் உண்டா?). உங்க சரிவையும் ரெண்டாப் பிரிங்க. ஓடை தொடங்குற மேல்பக்கம் மேயக்கூடாது, கீழ்பக்கம் மேயலாம். மாசிக்குள்ள தீத்தடுப்புக் கோடு வெட்டணும். நட்டே தீரணும்னா ஓடைக்கரைல மட்டும் நீர்மருது, நாவல், அத்தி, புங்கன்.

மந்தைக்காரன்:
மேல்பக்கம் விடச் சொன்னா விடுதோம், ஆனா கோடைக்குத் தீவனத்துக்கு வழி சொல்லணும். காவலுக்கு ஆள் தேடுதியன்னா எங்கள்ல ரெண்டு பேரப் போடுங்க. பங்குனில அங்கன யாரு தீ வைக்கான்னு எங்களுக்குத்தான் தெரியும்.

களக்காட்டு வாழை:
ஆட்டுக்காரனையே காவலுக்குப் போடுறதா, கூட்டத்துல சொன்னா சிரிப்பாவ. அதுபோக நர்சரிக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, அவன் திருப்பித் தரமாட்டான்.

கன்னடியன் கால்வாய்:
சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாவ. யூகலிப்டஸுக்குப் பதிலா மருதும் நாவலும் மாத்தித் தரச் சொல்லும், ஓடைக்கரைக்குப் போக மிச்சம் பள்ளிக்கூடத்துக்கு. காவல் சம்பளத்துக்கு என் பங்கு எழுதிக்கிடும், குழி வெட்டக் கேட்டா ஒத்தப் பைசா தரமாட்டேன்.

மந்தைக்காரன்:
அடுத்த கூட்டம் என்னைக்குன்னு முதல்ல சொல்லுங்க. இந்தத் தடவை தண்டோரா எங்க தெருவுக்கும் வரட்டும்.