ஹூப்ஸ் டைனஸ்டி: ஒரே ஆண்டில் ஆறு வீரர்கள் வெளியேறும்போது புதியவர்களை எப்படிச் சேர்ப்பது?

இளம்பரிதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்து இணையத்தில் ஆடும் ஹூப்ஸ் டைனஸ்டியை விளையாடத் தொடங்கி எனக்கு இது நான்காவது பருவம். அதன் தனித்தனிப் போட்டி உலகங்களில் ஒன்றான ஸ்மித் உலகில், மூன்று பிரிவுகளில் கடைசியான மூன்றாம் பிரிவைச் சேர்ந்த ஒரு சிறிய கல்லூரி அணிக்குப் பயிற்சியாளராக இருக்கிறேன். தாக்குதலில், வீரர்கள் இடைவிடாமல் இடம் மாறி ஆடும் மோஷன் முறையையும் தடுப்பில், ஆளுக்கு ஒருவரைக் காக்கும் மேன் டு மேன் முறையையும் கடைப்பிடித்து வருகிறேன்.

என் அணியின் பன்னிரண்டு பேரில் ஆறு பேர் இறுதியாண்டு மாணவர்கள். மூன்றாம் ஆண்டில் மூவரும் இரண்டாம் ஆண்டில் ஒருவரும் இருக்கிறார்கள். முதலாமாண்டில் உள்ள இருவரில் ஒருவர் உதவித்தொகை இல்லாமல் வந்து சேர்ந்த வாக் ஆன் வீரர். இந்தப் பருவம் முடிந்ததும் ஆறு இடங்கள் காலியாகும். வாக் ஆன் வீரரின் இடத்தையும் சேர்த்தால் ஏழு.

சென்ற பருவத்தில் எனக்கு இரண்டே இடங்கள் காலியாக இருந்தன. கூடையருகே ஆடும் உயரமான ஒரு நல்ல சென்டரைக் கண்டதும் அவரையே நம்பி, கையிலிருந்த பணத்தில் பெரும்பகுதியை அவருடைய வீட்டுச் சந்திப்புகளுக்கே செலவிட்டேன். சேர்ப்பு நடவடிக்கைகள் கணக்கிடப்படும் கடைசி இரண்டு சுழற்சிகளில் இரண்டாம் பிரிவுக் கல்லூரி ஒன்று நுழைந்து அவரை அழைத்துச் சென்றுவிட்டது. மிச்சமிருந்த பணத்தில் எவரும் கேட்காத ஒரு கார்டைத்தான் (வெளியிலிருந்து பந்தைக் கையாளும் வீரர்) சேர்க்க முடிந்தது. மற்ற இடத்துக்கு வாக் ஆன் வந்தார்.

இப்போது புதிய வீரர்களைச் சேர்க்கும் இரண்டு காலங்களில் முதலாவது நடந்துகொண்டிருக்கிறது. ஏழு இடங்களையும் இந்த ஆண்டே நிரப்பிவிட வேண்டுமா? இன்று திறமை கூடுதலாக உள்ளவரைப் பார்ப்பதா, நாளை வளரக்கூடியவரைப் பார்ப்பதா? மேல் பிரிவுக் கல்லூரி ஒன்று போட்டிக்கு வந்தால் எந்தக் கட்டத்தில் விலகுவது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


முத்துவேல் எழுதியது:

வணக்கம் இளம்பரிதி. உங்கள் சிக்கல் முந்தைய பயிற்சியாளர் ஒரே ஆண்டில் ஆறு பேரைச் சேர்த்தபோதே தொடங்கியது. இப்போது ஏழு பேரையும் முதலாமாண்டு மாணவர்களாகவே எடுத்தால், நான்கு ஆண்டுகள் கழித்து இதே இடத்தில் வந்து நிற்பீர்கள். ஆகவே இந்த ஆண்டு நீங்கள் தேடவேண்டியது ஏழு நல்ல வீரர்களை மட்டுமல்ல. வெவ்வேறு ஆண்டுகளில் விடைபெறக்கூடிய ஏழு இடங்களையும் சேர்த்தே தேட வேண்டும்.

நானாக இருந்தால் நான்கு பேரைப் பள்ளியிலிருந்து நேராக எடுப்பேன். அவர்களில் ஒருவரை முதல் பருவம் முழுவதும் ஆடவிடாமல் ரெட்ஷர்ட்டில் உட்கார வைத்தால், மற்ற மூவரைவிட ஓராண்டு கூடுதலாக அவர் அணியில் இருப்பார். ஐந்தாண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம் என்று நிஜக் கல்லூரிகளில் நெடுங்காலமாக இருந்துவந்த விதியைத்தான் இந்த விளையாட்டும் பின்பற்றுகிறது. அடுத்து, ஜூனியர் காலேஜ் எனப்படும் ஈராண்டுக் கல்லூரிகளிலிருந்து இருவரை எடுப்பேன். அவர்கள் மூன்றாம் ஆண்டில் வந்து சேர்வதால் இரண்டு பருவங்களில் விடைபெற்றுவிடுவார்கள். ஏழாவது இடத்தை நிரப்பாமலே விட்டுவிடுவேன். அதில் ஒரு வாக் ஆன் வந்து அமர்ந்துகொள்வார். இப்படிச் செய்தால் அடுத்த ஆண்டு நான்கு இடங்களும் அதற்கடுத்த ஆண்டு மூன்று இடங்களும் காலியாகும். இந்த அளவு ஒரு மூன்றாம் பிரிவு அணிக்குத் தாங்கும்.

பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நிஜத்தில் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை. இந்த விளையாட்டில் அந்தப் பிரிவுக்கும் உண்டு. காலியிடங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பவே பணமும், வீரர்கள்மீது கவனம் காட்டச் செலவிடும் கவனப் புள்ளிகளும் நமக்குக் கிடைக்கின்றன. அதனால் இரண்டு இடங்களை வைத்துக்கொண்டு சென்ற ஆண்டு நீங்கள் போராடியது கைப்பிடி மாவில் ஊருக்கே அடை சுட முயன்றதைப் போன்றது. இந்த ஆண்டு அப்படி இல்லை. உங்கள் கான்ஃபரன்ஸில், அதாவது உங்களோடு ஒரே குழுவில் ஆடும் கல்லூரிகளில் உள்ள பெரும்பாலான பயிற்சியாளர்களைவிட உங்களிடம் பணம் அதிகம் இருக்கும். ஆறு பேருக்குச் சமமாகப் பங்கிட்டு அதைக் கரைத்துவிடாதீர்கள். சாதாரண ஆண்டுகளில் கனவிலும் கிடைக்காத ஒரே ஒரு வீரருக்காக அதில் ஒரு பெரும் பங்கை ஒதுக்குங்கள். மற்றவர்களை, கல்லூரிக்கு அருகிலேயே உள்ள, பிறர் கவனிக்காத இளைஞர்களிடையே தேடுங்கள். தொலைவு கூடக்கூடச் சந்திப்புச் செலவும் கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

வளாக வருகைக்கு ஒரு வீரரை ஒரு முறைதான் அழைக்க முடியும். பயனும் அதற்குத்தான் அதிகம். நான் அதை முதல் நாளிலேயே செலவழிக்க மாட்டேன். போட்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகே அழைப்பேன்.


சசிரேகா எழுதியது:

முத்துவேல் ஐயா சொன்ன ஆண்டுக் கணக்கை நானும் ஏற்கிறேன். இரண்டாவது, மூன்றாவது கேள்விகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இந்த விளையாட்டில் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் வீரரின் இன்றைய எண்களைப் பார்த்தே மயங்கிவிடுகிறார்கள். நானும் என் இரண்டாவது பருவத்தில் கூடையருகே ஆடும் ஒரு பவர் ஃபார்வர்டை அப்படித்தான் எடுத்தேன். ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் திறன்) 58, தடுப்பு 49. அந்தப் பட்டியலில் அவரைவிடப் பெரிய எண்கள் எவருக்கும் இல்லை. பணம் செலவழித்து அவருடைய திறன்களை வேவு பார்ப்பதை மேல் நிலை வரை கொண்டுசென்றிருந்தால், அந்த இரண்டு திறன்களிலும் வளர்ச்சிக்கான இடம் குறைவு என்பது எனக்குத் தெரிந்திருக்கும். அதைச் செய்யாமல் பணத்தை மிச்சம் பிடித்தேன். நான்கு ஆண்டுகள் கழித்து விடைபெறும்போது அவருடைய ரீபவுண்ட் 63. அதே ஆண்டு, 39 மட்டுமே வைத்திருந்த இன்னொருவரை அண்டைக் கல்லூரி எடுத்தது. ரீபவுண்டில் அவருக்கு வளர்ச்சி இடம் அதிகம். உழைப்பு மனப்பான்மையும் நன்றாக இருந்தது. மூன்றாம் ஆண்டில் அவர் எங்களுக்கு எதிராக ஆடவந்தபோது அந்த 39, 70ஐத் தாண்டியிருந்தது. அன்று எங்கள் கூடையின் அடியில் விழுந்த பந்துகளையெல்லாம் அவரே எடுத்துக்கொண்டு போனார்.

எனவே வளர்ச்சி இடத்தையும் உழைப்பு மனப்பான்மையையும் சேர்த்தே பாருங்கள். இடம் எவ்வளவு இருந்தாலும், உழைப்பு எண் மிகக் குறைவாக இருந்தால் அந்த இடம் நிரம்புவதற்குள் நான்கு ஆண்டுகளும் முடிந்துவிடும். உடல்திறனும் வேகமும் என் அணிகளில் மற்ற திறன்களைவிட மெதுவாகவே ஏறியிருக்கின்றன. ஆகையால் அந்த இரண்டையும் வரும்போதே வைத்திருப்பவருக்கு நான் முன்னுரிமை தருகிறேன். ஷூட்டிங்கையும் பந்தைக் கையாளும் திறனையும் பயிற்சியில் ஏற்றிக்கொள்ளலாம்.

இனி நீங்கள் இழந்த சென்டர். அவருடைய பக்கத்தில் விருப்பங்கள் என்று ஒரு பகுதி இருந்திருக்கும். வெற்றி பெறும் அணி வேண்டுமா அல்லது புதிதாகக் கட்டப்படும் அணி வேண்டுமா, வீட்டுக்கு அருகிலா தொலைவிலா, நீண்ட காலப் பயிற்சியாளரா புதியவரா, வலுவான கான்ஃபரன்ஸ் வேண்டுமா, எந்த ஆட்டமுறை பிடிக்கும், உடனே ஆட வாய்ப்பு வேண்டுமா என்பதையெல்லாம் அங்கே காணலாம். வீட்டை விட்டுத் தொலைவில் படிக்க விரும்பும் ஒருவரை, பக்கத்து ஊர்க்காரர் என்பதற்காக நாம் துரத்தினால் ஒவ்வொரு சந்திப்பும் பாதிப் பலனையே தரும். அதே பகுதியில் அவர் எப்போது கையொப்பமிடுவார் என்பதும் இருக்கும். தாமதமாக முடிவெடுப்பவர் என்றால், மேல் பிரிவுக் கல்லூரிகள் தங்கள் முதல் விருப்பங்களை இழந்துவிட்டு இரண்டாம் சேர்ப்புக் காலத்தில் இறங்கிவரும் அபாயம் எப்போதும் உண்டு. சீக்கிரம் முடிவெடுக்கும் நல்ல வீரர்கள்தான் மூன்றாம் பிரிவுக்கு ஏற்றவர்கள்.

எப்போது விலகுவது என்று கேட்டீர்கள். மேல் பிரிவுக் கல்லூரி பட்டியலில் தோன்றியவுடன் அதன் அணிப் பக்கத்தைத் திறந்து, எத்தனை பேர் இறுதியாண்டில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்தாறு பேர் என்றால் அதன் பணம் உங்கள் கையிருப்பைவிடப் பெரியது; உடனே விலகிவிடுங்கள். ஒருவர் அல்லது இருவர் மட்டுமே என்றால் நின்று போராடலாம். ஆனாலும் அதன் மதிப்புத் தரம் உங்களுடையதைவிட மிக உயர்ந்ததாக இருந்தால் உங்கள் இரண்டு ரூபாய் அவர்களுடைய ஒரு ரூபாய்க்குத்தான் ஈடாகும். செலவழித்த பணத்தை எண்ணி வருந்தி அங்கேயே நிற்பதுதான் மிகப் பெரிய இழப்பைத் தருகிறது.


கதிரவன் எழுதியது:

இருவர் சொன்னதிலும் பயனுள்ளவை நிறைய இருக்கின்றன. ஓரிடத்தில் மட்டும் முத்துவேல் அவர்களுடன் மாறுபடுகிறேன்.

ஏழாவது இடத்தில் வாக் ஆன் இருக்கட்டும் என்கிறார். மேன் டு மேன் ஆடும் அணிக்கு ஒன்பது பேர் போதும் என்பது உண்மைதான். களம் முழுவதும் எதிரணியை நெருக்கும் ஃபுல் கோர்ட் பிரஸ் ஆடினால்தான் பத்துப் பேரும் மூச்சுத்திறனும் கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த ஒன்பது பேரில் உயரமானவர்கள் எத்தனை பேர் என்பதே என் கவலை. கல்லூரிக் கூடைப்பந்தில் ஐந்தாவது ஃபவுலிலேயே (விதிமீறல்) வீரர் வெளியேற வேண்டும், அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ.வைப் போல ஆறு இல்லை. முதல் பாதியிலேயே உங்கள் சென்டருக்கு மூன்று ஃபவுல்கள் விழுந்துவிட்டால், அவருக்குப் பதிலாக நிற்பவர் வாக் ஆன் வீரராக இருக்கக் கூடாது. வாக் ஆன் இடம் கார்டு வரிசையில் அமைவதாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நீங்கள் யாரும் தொடாத ஒன்றையும் சொல்கிறேன். ஒவ்வொரு வீரருக்கும் ஒவ்வொரு தாக்குதல் முறையிலும் தடுப்பு முறையிலும் எவ்வளவு பழகியிருக்கிறார் என்பதைக் காட்டும் ஏ, பி போன்ற எழுத்துத் தரம் உண்டு. விடைபெறப்போகும் ஆறு பேரும் மோஷனிலும் மேன் டு மேனிலும் ஏ தரத்தை எட்டியிருப்பார்கள். அவர்களுடைய திறன் எண்களோடு அந்தத் தரமும் வெளியேறுகிறது என்பது அட்டவணையில் எளிதில் கண்ணில் படாது. பள்ளியிலேயே இந்த இரண்டு முறைகளையும் ஓரளவு பழகிவந்தவர்களைத் தேர்ந்தெடுங்கள்; குறிப்பாக ஜூனியர் காலேஜ் வீரர்களிடம் இதைக் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் அவர்கள் கற்றுக்கொள்வதற்கு இரண்டே பருவங்கள்தான் உள்ளன. எத்தனை ஆட்டங்களில் தோற்றாலும் ஆட்டமுறையை மட்டும் நடுவில் மாற்றாதீர்கள். மாற்றினால் எஞ்சியுள்ளவர்களின் தரமும் வீணாகிவிடும்.

வாக்குறுதிகளிலும் கவனம் தேவை. தொடக்க ஐவரில் இடம் தருவதாகச் சொன்னால் வீரரின் விருப்பம் வேகமாக ஏறும். ஆனால் வாக்கை மீறினால் அவர் மனம் கசந்து, வேறு கல்லூரிக்கு மாறவும் கூடும். முத்துவேல் சொன்னபடி ஒருவரை ரெட்ஷர்ட்டில் வைக்கப்போகிறீர்கள் என்றால், ஆட்ட நேரம் தருவதாக அவரிடம் ஒரு சொல்லும் சொல்லிவிடாதீர்கள்.

நிஜக் கல்லூரிக் கூடைப்பந்து இப்போது வேறு பாதையில் போய்விட்டது. 2018 அக்டோபரில், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயரைப் பதியும் இணையப் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021இலிருந்து, முதல் முறை கல்லூரி மாறும் வீரர் ஓராண்டு காத்திருக்காமல் உடனே ஆடலாம் என்றானது. அதே ஆண்டு ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் வைத்துப் பணம் ஈட்டவும் வழி திறந்தது. ஆறு பேர் வெளியேறினால் அங்கே ஒரே இளவேனிலில் ஆறு அனுபவசாலிகளைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஒருவரைப் பள்ளியில் கண்டெடுத்து நான்கு ஆண்டுகள் வளர்த்து அனுப்பும் அந்தப் பழைய பொறுமை இந்த விளையாட்டில் இன்னும் மிஞ்சியிருக்கிறது. நான் இதை விடாமல் ஆடுவதற்குக் காரணமும் அதுவே.

நீங்கள் இருக்கும் உலகத்தின் பெயருக்குரிய டீன் ஸ்மித், வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் 1961 முதல் 1997 வரை பயிற்சியாளராக இருந்தவர். பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டத்தில் இறுதியாண்டு மாணவர்கள் அனைவரையும், மாற்று வீரர்கள் உட்பட, தொடக்கத்திலேயே களத்தில் இறக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியவர் அவர். ஒரு பருவத்தில் அப்படிப்பட்டவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். ஒருவரை மட்டும் விட்டுவிட மனம் வராமல், களத்தில் ஐவருக்கு மேல் நின்றால் டெக்னிகல் ஃபவுல் என்ற தண்டனை கிடைக்கும் என்று தெரிந்தே ஆறு பேரையும் நிறுத்தினார். உங்கள் ஆறு பேரைப் பற்றிப் படித்தவுடன் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.


இளம்பரிதி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சசிரேகா அவர்கள் சொன்ன பிறகு அந்த சென்டரின் பழைய குறிப்பை எடுத்துப் பார்த்தேன். வலுவான கான்ஃபரன்ஸை விரும்புபவர், தாமதமாகக் கையொப்பமிடுபவர் என்ற இரண்டும் அதில் இருந்தன. இரண்டையும் நான் படிக்கவே இல்லை. எண்களை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

இன்று பட்டியலை மீண்டும் வடிகட்டினேன். கல்லூரிக்கு அருகில் ஒரு சென்டர் இருக்கிறார். ரீபவுண்ட் 42, வளர்ச்சி இடம் அதிகம், புதிதாகக் கட்டப்படும் அணியை விரும்புபவர், சீக்கிரம் கையொப்பமிடுபவர், பள்ளியில் மேன் டு மேன் ஆடியவர். இதுவரை ஒரு கல்லூரி மட்டுமே அவரைத் தொடர்பு கொண்டிருக்கிறது. அதுவும் மூன்றாம் பிரிவுதான், அங்கே இறுதியாண்டில் இருவரே உள்ளனர். பெரும் பங்கை இவருக்காகவே ஒதுக்கப்போகிறேன். ஜூனியர் காலேஜிலிருந்து ஒரு பவர் ஃபார்வர்டையும் ஒரு கார்டையும் குறித்து வைத்திருக்கிறேன். வாக் ஆன் இடத்தைக் கதிரவன் சொன்னபடி கார்டு வரிசைக்கே விட்டுவிடுகிறேன். ரெட்ஷர்ட்டில் வைக்க ஆட்டத்தை நடத்திச் செல்லும் ஒரு பாயிண்ட் கார்டைப் பார்த்திருக்கிறேன். உழைப்பு எண் 71, ஆனால் பந்தைக் கையாளும் திறன் இப்போது 30தான். இவரை எடுக்கலாமா?


முத்துவேல் எழுதியது:

எடுங்கள். ஓராண்டு பயிற்சி மட்டும் பெறுவதற்கு அந்த 71 போதும். அவருடைய விருப்பப் பகுதியில் உடனே ஆட வாய்ப்பு வேண்டும் என்று இருக்கிறதா என்பதை மட்டும் கையொப்பத்துக்கு முன் பார்த்துவிடுங்கள். இருந்தால் ரெட்ஷர்ட்டுக்கு வேறொருவரைத் தேடுவது நல்லது. அந்த சென்டருக்குப் போட்டியாக நிற்கும் கல்லூரியில் இருவர்தான் வெளியேறுகிறார்கள் என்றால், வளாக வருகைக்கான அழைப்பை அடுத்த சுழற்சியிலேயே அனுப்பிவிடுங்கள்.