சுரைக்காய் கசந்தது, அரசாணிக்காயை (பறங்கிக்காய்) சமைக்கலாமா?

வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம், வாய்க்கால் ஓரத் தோட்டம். எருக்குழி மேட்டில் ஒரு சுரைக்கொடி தானாக முளைத்து மூன்று மாதமாகிறது. காய் கழுத்து சிறுத்து, அடி குண்டாக, நகம் இறங்கும் இளசு.

போன ஞாயிறு முதல் காயைப் பொரியல் செய்தோம். ஒரே கசப்பு. நான் முதல் வாயிலேயே துப்பிவிட்டேன். வீட்டுக்காரர், பாகற்காய் என்று நினைத்துக்கொள்கிறேன் என்று முழுசாகச் சாப்பிட்டார். (வீணாக்கக் கூடாதாம்!) ஒரு மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு. குளுக்கோஸ் ஏற்றித்தான் தேறினார். கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டாசின் என்ற நஞ்சு, வேகவைத்தாலும் போகாது என்றார் டாக்டர்.

அப்புறம் இன்னும் இரண்டு காயை நறுக்கி, நாக்கு நுனியில் வைத்துத் துப்பிப் பார்த்தேன். இரண்டுமே கசப்பு. உப்புப் போட்டுப் பிழிந்தால் சரியாகும் என்கிறார் அம்மாயி. எனக்குத் துணிவில்லை, கொடியைப் பிடுங்கிவிட்டேன்.

சிக்கல் இப்போது அரசாணியில். அதே மேட்டில் சுரையோடு பின்னிக் கிடந்த கொடி, ஆறு காய் முற்றி நிற்கிறது. விதை போன வருசம் எங்கள் காயிலிருந்தே எடுத்து வைத்தது. ஒன்றை அறுத்துப் பச்சையாகத் துளி சுவைத்தேன், கசப்பில்லை, லேசான இனிப்பு. ஆனாலும் பக்கத்துத் தோட்டத்து அக்கா, பேய்ச்சுரை மகரந்தம் ஒட்டியிருக்கும், தொடாதே என்கிறார். விதைக்கடையில் கேட்டேன், சிரிக்கிறார்கள்.

சுரைப்பூ மகரந்தம் பட்டு அரசாணிக்காய் நஞ்சாகுமா?